கைராசி

செல்ஃப் எடுக்கவில்லை என்று ஒரு தொட்டில் வண்டி பட்டறைக்கு வர முடியாது. நிற்காத வண்டியை எதற்குக் கிளப்ப வேண்டும்? அதனால் கோகிலவாணி சொன்னது வயரிங் மெக்கானிக் அர்த்தநாரிக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ன எடுக்கலீங்க?"

"செல்ஃபுதானுங்கண்ணா. ஒரு வாரமா கிர்ருனு ஒரு சத்தம் போட்டுட்டுப் படுத்துக்குது. இன்னைக்குக் காலையில பால்காரரும் அவரு மச்சானும் தள்ளி விட்டாங்க."

சொல்லிக்கொண்டே அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நின்றது.

பக்கத்து ரேடியேட்டர் கடையில் சுலைமானின் சுத்தியலும் நின்றது. டீ வாங்க வந்திருந்த இரண்டு பேர் தம்ளரைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். திருச்செங்கோட்டில் சங்ககிரி சாலை நெடுக வண்டிப் பட்டறைதான். அந்தச் சாலையில் ஒருவரும் தொட்டில் வண்டியின் சாவி அணைந்து பார்த்ததில்லை.

கோகிலவாணி மட்டும் சாதாரணமாகப் பின்கதவைத் திறந்து முட்டை அட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நாமக்கல்லிலிருந்து ஈரோடு வரை கடைகளுக்கு முட்டை போடுகிறாள். அட்டைகளுக்கு நடுவே ஆறடி நீளத்தில் தொட்டில் இருந்தது. அதற்குள் அவள் கணவன் லோகநாதன் மூன்று வருஷமாகப் படுத்திருந்தான்.

தொட்டில் என்பது ஜனங்கள் வைத்த பெயர். முதலில் சிலர் ஐஸ் பெட்டி என்றார்கள். பிணம் வைக்கிற பெட்டிக்கும் அதுதான் பெயர் என்பதால் அந்தச் சொல் நிற்கவில்லை. இதயமோ ஈரலோ கைவிட்ட ஆளை, உடம்புச் சூட்டைக் குறைத்து, மூச்சை மணிக்கு நாலைந்தாக்கி, உயிர் போகாமல் பிடித்து வைக்கும் பெட்டி. தூரத்து ஊர்க்காரர்கள் உயிரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். பிறகு மாற்று உறுப்புக்கான வரிசை வருஷக்கணக்கில் நீண்டது. அப்போது சட்டத்தில் ஒரு வரி ஜனங்கள் கண்ணில் பட்டது. பயணத்தில் இருக்கும் நோயாளிக்கு வழியில் யாரும் இறப்புச் சான்று எழுதக் கூடாது. பயணம் முடிந்த பிறகுதான் டாக்டர் பார்க்க வேண்டும்.

பயணம் நடக்கிறதா, முடிந்ததா என்பதைப் பெட்டிக்குச் சொல்வது ஒரே ஒரு வயர். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற இடத்திலிருந்து, பெட்டிக்கான இரண்டாவது பேட்டரியின் சார்ஜருக்கு அந்த வயர் போகும். அதில் மின்சாரம் இருக்கும் வரை சார்ஜர் வேலை செய்யும், பெட்டியில் பச்சை விளக்கு எரியும். சாவியை அணைத்தால் விளக்கு மஞ்சளாகும். மஞ்சளாகி நாலு மணி நேரம் ஆனால் ஊர் வந்துவிட்டது என்று பெட்டி முடிவு செய்து, சூடேறத் தொடங்கி, டாக்டரைக் கூப்பிடும். அதற்கப்புறம் திரும்பக் குளிர வைக்க வழியில்லை.

ஆகவே ஜனங்கள் அணைக்கவில்லை. கிடைத்த வேன்களை வாங்கித் தொட்டிலை ஏற்றிக்கொண்டு, கூடவே சரக்கும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இன்னார் வீட்டில் ஒருத்தர் ஓட்டத்தில் இருக்கிறார் என்று சொல்வது ஊர்வழக்கானது. சாவியை ஸ்டீயரிங் தண்டோடு சேர்த்துச் சிவப்புக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். பட்டறைக்கு வந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாலு மணி நேர அவகாசம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நிமிஷம் அணையுங்கள் என்று எந்த மெக்கானிக்கும் கேட்க மாட்டான். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லாததைப் போல அது.

கோகிலவாணியின் வண்டியில் கயிறு இல்லை என்பதை அர்த்தநாரி இப்போதுதான் கவனித்தான்.

"அம்மிணி, சாவி..."

"அணைச்சுட்டுத்தான் இருக்கேனுங்க. பயப்படாதீங்க."

சுலைமான் கையைத் துடைத்தபடி வந்தான். "ஏக்கா, உங்களுக்கு நெஞ்சழுத்தம் சாஸ்திதான். நானெல்லாம் எம் பொண்டாட்டி டிவிய அணைச்சாலே பதறிப் போறேன்."

"உங்க பொண்டாட்டி எதுக்கு அணைக்குது? நீங்க குறட்டை விடறது வெளிய கேக்கட்டும்னா?"

சுலைமான் சிரித்தான். கண்ணை மட்டும் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. அர்த்தநாரியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். சாவி அணைந்து ஐந்து நிமிஷம் இருக்கும். பெட்டியின் தலைமாட்டில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"அவரு போக மாட்டாருங்கண்ணா," என்றாள் கோகிலவாணி. அவன் பார்வை போன இடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எனக்குத் தெரியும். நீங்க வேலையப் பாருங்க."

சுலைமான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பினான். சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் வரவேயில்லை.

அர்த்தநாரி ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து ஃப்யூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, கேட்காமலேயே சொல்லத் தொடங்கினாள். ரொம்ப நாளாகச் சொல்ல ஆள் கிடைக்காத குரல் அது.

"போன வருஷம் ஆவணியில ஆஸ்பத்திரியில இருந்து ஒரு தாள் வந்துச்சுங்க. அம்பது தாண்டினவங்கள ரெண்டாம் பட்டியலுக்கு மாத்திட்டாங்களாம். மொதப் பட்டியல் முடிஞ்சாத்தான் அது. மொதப் பட்டியல் எப்ப முடியறது? எம் பொண்ணு யாமினிதான் சொன்னா. அம்மா, அப்பாவ விட்டுரலாம்மா, அவரு நம்மளால பாவம் அலையறாருன்னு. நான் கைய ஓங்கிட்டேன். அப்புறம் ஒரு வாரம் கழிச்சு நானேதான்..."

அர்த்தநாரி மின்சாரம் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்ட் லேம்பைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மோர்ப்பாளையம் தாண்டி ரோட்டோரமா ஓரங்கட்டினேன். பதினோரு மணி. கயித்த அறுத்தேன், சாவிய அணைச்சேன். பெட்டி மேல கைய வெச்சு, போயிட்டு வாங்கன்னு சொன்னேன். யாமினிகிட்டக்கூடச் சொல்லல. அவ கேட்டதுதான், ஆனா செஞ்சது நானா இருக்கட்டும்னு. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேனுங்கண்ணா. மஞ்சக்கூட ஆகல. பச்சையாவே இருந்துச்சு."

ரோட்டில் ஒரு லாரி போனது.

"அவரு போக மாட்டேன்னுட்டாரு. அப்ப அவருக்கு எல்லாம் கேக்குதுதானே? நான் சொன்னதும் கேட்டிருக்கும். யாமினி சொன்னதும் கேட்டிருக்கும். அன்னைக்கே அவளக் கூப்பிட்டுச் சொன்னேன். உங்கப்பா பொழைக்கணும்னு படுத்திருக்காரு, நீ சாகச் சொன்ன, இனிமே எம் மொகத்துல முழிக்காதன்னு. வரலீங்க. பதினாலு மாசமாச்சு. கோயமுத்தூர்லதான் வேலை பாக்கறா. நான் தினம் காலையில பெட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வண்டிய எடுக்கறது. இப்ப ராத்திரியில அணைச்சுட்டுத் தூங்கறேன். அவருக்கு வண்டி சத்தம் வேண்டாம்னு தோணுச்சு."

அதனால்தான் செல்ஃப் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க எஞ்சின் ஓடாதபோதும் சார்ஜர் வண்டியின் பேட்டரியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. அது ஏன் உறிஞ்ச வேண்டும் என்பதுதான் கேள்வி. சாவி அணைந்தால் அதற்கு வேலையே இல்லை.

அர்த்தநாரி சார்ஜரிலிருந்து வரும் மெல்லிய வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளிப்புகளுக்குள் ஒழுங்காகப் போயிருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்து, மேலே மஞ்சள் டேப்பை மூன்று சுற்று சுற்றி, நுனியை மடித்து விட்டிருந்தது. நுனியை மடிக்கிற ஆள் இந்தச் சாலையில் ஒருத்தன்தான். கரூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் தொட்டில் வண்டிக்காரர்கள் அர்த்தநாரியைத் தேடி வருவார்கள். உங்க கைராசிக்காகத்தாண்ணா வர்றோம் என்பார்கள். அவன் அதைச் சுத்தமான வேலைக்குக் கிடைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

வயர் நாலாவது துளையில் முடிந்தது. டெஸ்ட் லேம்பின் முனையை அங்கே வைத்தான். சாவி இல்லாமலேயே விளக்கு எரிந்தது.

அவனுக்கு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வேப்பமரத்தடி. அந்த மாடல் வேன் அப்போதுதான் புதுசாக வந்திருந்தது. பழைய வேன்களில் நாலாவது துளை சாவியோடு சேர்ந்தது. அந்தப் பழக்கத்தில் நாலாவதில் லேம்பை வைத்தான், எரிந்தது. சாவியை அணைத்து மறுபடி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அணைந்தால் சரியான துளை. அணையாவிட்டால் எப்போதும் மின்சாரம் இருக்கிற ஹாரன் துளை மாதிரி ஏதோ ஒன்று. வேலை கற்ற முதல் வாரத்திலேயே தெரிகிற விஷயம். ஆனால் பெட்டிக்குள் ஆள் ஏற்கெனவே படுத்திருந்தான், ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த தற்காலிக வயரில். இவள் சாவியின் மேல் கையை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் அணையுங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எஞ்சின் ஓடும்போது எந்தத் துளையில் வைத்தாலும் லேம்ப் எரியத்தான் செய்யும்.

அவன் அப்படியே படுத்துக் கிடந்தான்.

ஒன்றும் சொல்லாமல் வயரைப் சரியான துளைக்கு மாற்றிவிடலாம். அரை நிமிஷ வேலை. அப்புறம் இவள் இன்றைக்கு ராத்திரி வழக்கம்போலச் சாவியை அணைத்துவிட்டுத் தூங்குவாள். மாற்றாமலே விட்டுவிடலாம். புது பேட்டரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் ஆறு மாசம் ஓடும். பிறகு ஒருநாள் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கும். பயணம் நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டே பெட்டி சத்தமில்லாமல் நின்றுபோகும். அதுவரை தினம் காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். யாரிடம்?

எழுந்து உட்கார்ந்தான். வேட்டியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மிணி, அந்தப் பச்ச லைட்டு அவரு காட்டினதில்லீங்க. நான் செஞ்ச தப்பு."

அவள் திரும்பினாள்.

"சாவி வயர்ல போட வேண்டியத, எப்பவும் கரண்ட் இருக்கற துளையில போட்டுட்டேன். நீங்க சாவிய அணைச்சாலும் பெட்டிக்கு அது தெரியாது. வண்டி ஓடிட்டிருக்குன்னுதான் நெனச்சுக்கும். அன்னைக்கு உங்ககிட்ட அணைச்சுக் காட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல."

"நீங்க எப்பவும் தப்புப் பண்ண மாட்டீங்களே."

"பண்ணியிருக்கேனுங்க."

சுலைமானின் சுத்தியல் மறுபடி கேட்கத் தொடங்கி, மறுபடி நின்றது. கோகிலவாணி அழுவாள் என்று அர்த்தநாரி எதிர்பார்த்தான். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தான். அவள் கீழே கிடந்த ஒரு முட்டை அட்டையை எடுத்து, அதன் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தாள். ஒரு வரிசை முழுக்கக் கிழிந்த பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு வயர் சரியா இருந்திருந்தா?"

"மூணு மணிக்கெல்லாம் சூடேற ஆரம்பிச்சிருக்குமுங்க. டாக்டர் வந்திருப்பாரு."

"அப்ப அவரு ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலீங்க."

"யாமினி சொன்னதும் அவருக்குக் கேக்கல."

அர்த்தநாரி தலையை ஆட்டினான். கேட்டதா இல்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வயரைப் பற்றி மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

"பதினாலு மாசங்கண்ணா," என்றாள். "நான் அவர அன்னைக்கே அனுப்பிட்டேன். போகாத மாதிரி நீங்க வெச்சிருந்தீங்க."

வேப்பஞ்சுள்ளி ஒன்று வண்டிக் கூரையில் விழுந்தது.

கிழித்த அட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் எழுந்தாள். "சரியான எடத்துல போட்டுக்குடுங்க."

"போட்டா அப்புறம்..."

"அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியும். போடுங்க."

அவன் மறுபடி கீழே படுத்தான். ஏழாவது துளையில் லேம்ப் எரியவில்லை. அவளைச் சாவி போடச் சொன்னான். எரிந்தது. அணைக்கச் சொன்னான். அணைந்தது. இரண்டு தடவை பார்த்தான், மூன்றாவது தடவையும் பார்த்தான். மஞ்சள் டேப்பைப் பிரித்து வயரை இழுத்து அங்கே வைத்து அழுத்தினான்.

பெட்டியின் விளக்கு மஞ்சளானது. அதன் கீழே சின்னச் சின்ன எழுத்தில் மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிஷம் என்று வந்தது. அர்த்தநாரி தன் வாழ்நாளில் அந்த மஞ்சளைப் பார்த்ததில்லை. ஏகப்பட்ட பெட்டிகளுக்கு வயர் போட்டிருக்கிறான்.

அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். கையை வைக்கவில்லை.

"இங்க வேண்டாம்," என்றாள். "முட்டைக்கு நடுவுல வேண்டாம்."

போனை எடுத்து ஒரு பெயரைத் தேடினாள். தேடுகிற அளவுக்கு அது கீழே போயிருந்தது. ரொம்ப நேரம் மணி அடித்தது.

"கண்ணு, அம்மா பேசறேன்." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வெச்சுராத. அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ வந்தாத்தான் அணைப்பேன். நாளைக்கோ நாளானைக்கோ, எப்ப முடியுதோ வா... இல்ல, நீ ஒண்ணும் பண்ணல. நீ வந்ததும் சொல்றேன். நீ ஒண்ணும் பண்ணல கண்ணு."

செல்ஃப் எடுக்கவில்லை. அர்த்தநாரியும் சுலைமானும் டீக்கடையில் நின்ற இரண்டு பேரும் பின்னால் கையைக் கொடுத்தார்கள். இருபதடி தள்ளியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. விளக்கு பச்சையாகிவிட்டதைக் கண்ணாடி வழியாக அர்த்தநாரி பார்த்தான். அவள் நிறுத்தாமல், கையை மட்டும் வெளியே நீட்டி அசைத்துவிட்டுச் சாலையில் ஏறினாள்.

"என்ன மாப்ள நடந்துச்சு?" என்றான் சுலைமான்.

"வயர் மாத்தினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அர்த்தநாரி உள்ளே போய் முகம் கழுவினான். அந்த மாடல் வேன் எத்தனைக்கு வயர் போட்டிருக்கிறோம் என்று யோசித்தான். முப்பதா, நாற்பதா? எல்லாமே எஞ்சின் ஓட ஓட. எல்லாமே நாலாவது துளை. எல்லாரும் கயிறு கட்டித்தான் வைத்திருக்கிறார்கள், யாரும் அணைக்க மாட்டார்கள், கோகிலவாணி ஒருத்திக்குத்தான் இப்படி ஆனது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரச் சொல்ல வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மரத்தடியில் இன்னொரு வேன் நின்றது. அதே மாடல். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் இறங்கிக் கும்பிட்டான். தாராபுரத்திலிருந்து வருவதாகவும் பெயர் சென்னியப்பன் என்றும் சொன்னான். நேற்றுத்தான் அம்மாவைத் தொட்டிலில் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தற்காலிகமாக வயர் கொடுத்திருக்கிறார்கள்.

"தாராபுரத்துல வயரிங் ஆளே இல்லீங்களா? இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

"இருக்காங்க. ஆனா உங்க கைராசி அவங்களுக்கு வராதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"வெள்ளகோவில்ல ஒருத்தருங்க. ஒருநாள் மனசு விட்டுப்போயிச் சாவிய அணைச்சுட்டாராம். எட்டு மணி நேரம். அவங்கப்பா போகலீங்களாம், பச்சையாவே இருந்தாராம். அப்புறம் காங்கேயத்துல ஒரு டீச்சருக்கும் அப்படித்தான். இன்னும் நாலஞ்சு பேரு சொன்னாங்க. வெளிய யாரும் சொல்றதில்லீங்க. அணைச்சதச் சொல்ல முடியுமா? ஆனா எல்லாமே நீங்க வயர் போட்ட வண்டி. நீங்க போட்டா அவங்க நம்மள விட்டுப் போறதில்லீங்களாம்." கண் கலங்கியிருந்தது. "எங்கம்மாவுக்கும் அதே மாதிரி போட்டுக்குடுங்கண்ணா."

அர்த்தநாரி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். சாவியில் புதுச் சிவப்புக் கயிறு. முடிச்சின் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். அது இன்னும் காயவில்லை.

டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"மொதல்ல அந்தக் கயித்த அவுருங்க," என்றான். "சாவிய அணைச்சுட்டுத்தான் நான் கை வைப்பேன்."

சென்னியப்பனின் கை தானாகப் போய்ச் சாவியை மூடிக்கொண்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி காத்திருந்தான்.